கவிழ்த்து வைத்த போன்

என் மாமனார் ஸ்மாகுல் அன்று விடியற்காலையில் செத்துப்போனார். இது எனக்குத் தெரியும், என் மச்சினிச்சி அக்மராலுக்குத் தெரியாது. அவள் ஊருக்குப் போகிற விமானத்துக்காக அல்மாட்டி விமான நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அவரை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், அவர்கள் எங்கள் ஜனத்தில் பெண் எடுத்ததில்லை என்று அர்த்தம். சாவை எங்களில் போனில் சொல்ல மாட்டார்கள், வழியில் வைத்தும் சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளை வீட்டு வாசலில் வந்து இறங்க வேண்டும், பெரியவர்கள் சுற்றி உட்கார வேண்டும், அவர்களில் மூத்தவர் வாயைத் திறக்க வேண்டும். அதுவரைக்கும் 'உடம்பு கொஞ்சம் சரியில்லை, வந்து பார்த்துவிட்டுப் போ' என்பதுதான் பேச்சு. மாமனாரின் அண்ணன் மெய்ராம்பெக் பெரியப்பா காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, புள்ளையத் தனியா விட்றாதீங்க. கூடவே இருந்து கூட்டிக்கிட்டு வாங்க. வழியில அவ காதுல ஒரு வார்த்தை விழுந்துச்சு, அப்புறம் நீங்க என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

நான் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். பாதிக் கடைகளுக்கு ரொட்டி போட்டிருந்தேன், மீதியை அப்படியே வண்டியோடு இன்னொருவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தேன். இந்த வேலைக்கு என்னைவிடக் கேடுகெட்ட ஆளை அவர்கள் பிடித்திருக்க முடியாது. அக்மராலின் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் நேரான பேச்சே கிடையாது. அத்தானும் மச்சினிச்சியும் கேலி பேசாமல் இருந்தால் பார்க்கிறவர்களே என்ன சண்டை என்று கேட்பார்கள். அவள் கல்யாணம் வேண்டாமென்று நகரத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருப்பதை நான் கிண்டல் செய்வேன், என் தொப்பையை அவள் கிண்டல் செய்வாள். ஆகவே அன்று எனக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வழியில்லை. நான் சும்மா இருந்தால் அவள் அந்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவாள்.

"நீங்க எதுக்கு வர்றீங்க அத்தான்? அப்பாவுக்கு என்ன ரொட்டியா கொண்டுபோறீங்க?" என்றாள் என்னைப் பார்த்ததும்.

"உன்னை எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா உங்க அக்காவுக்கு நான்தானே பதில் சொல்லணும்."

"என்னைத் தூக்கறவன் லேப்டாப்பையும் சேர்த்துத்தான் தூக்கணும்."

சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே குமட்டியது.

வெளியே மூடுபனி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. குளிர்காலத்தில் இது எங்களுக்குப் பழக்கம்தான், பனி விலகினால் கிளம்பும், விலகாவிட்டால் கிளம்பாது. கூடத்தில் ஜனம் நெருக்கியடித்தது. மூட்டைமேல் குழந்தைகள் தூங்கின. சுவரில் கரண்ட் எடுக்கிற துளை ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கூட்டம்.

அக்மராலுக்கு அந்தத் துளைதான் உயிர். விஷயம் இதுதான்: மாமனாருக்குக் கல்லீரலில் கட்டி. இங்கே உள்ள டாக்டர்கள் கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சியோலில் ஒரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே வேலை பார்க்கிற லுத்மிலா த்ஸோய் என்கிற எங்கள் நாட்டிலேயே பிறந்த கொரியப் பெண்ணை அக்மரால் எப்படியோ பிடித்துவிட்டாள். ஸ்கேன் படங்களை அனுப்பு, இன்று எங்கள் டாக்டர்கள் கூடுகிறார்கள், அவர்கள் வீட்டுக்குப் போவதற்குள் வந்துவிட்டால் காட்டுகிறேன், தவறினால் புத்தாண்டு விடுமுறைக்கு அப்புறம்தான் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். அவர்களுக்கு நமக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும்.

படங்கள் இருந்தன. முதலில் மச்சினன் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் படமெடுத்து அனுப்பினான், அவர்கள் இது ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். அப்புறம் ஸ்கேன் பதிந்த வட்டே ஊரிலிருந்து வந்தது. அவளுடைய லேப்டாப்பில் வட்டு போடுகிற இடமே இல்லை. அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, நேற்று இரவுதான் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தாள். அது ஒன்றிரண்டு படமில்லை, ஒரு பெரிய மூட்டை. மூட்டை மொத்தமும் ஒரே மூச்சில் போக வேண்டும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

விமான நிலையத்து இலவச நெட்டில் கூடமே தொங்கிக்கொண்டிருந்தது. பாதி போகும், அறுந்துவிடும். அவள் தன் போனிலிருந்து நெட் எடுத்தாள். இரண்டு தடவை முக்கால்வாசி போய் அறுந்ததில் அவளுடைய கணக்கில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. மூன்றாம் தடவை லேப்டாப் தானாகவே எதையோ புதுப்பித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி அணைந்துவிட்டது. தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எவன்டா உன்னை இப்பக் கேட்டான்?" என்று அவள் அதனிடம் கத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சனியனே! எந்திரி! எந்திரிச்சுத் தொலை!"

"திட்டாதே. புருஷன் இல்லாத குறையை அதுகிட்டக் காட்டாதே" என்றேன்.

"அத்தான், பேசாம அந்தப் பிளக்கைப் புடிங்க."

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவளுடைய சார்ஜர் வெளிநாட்டுச் சார்ஜர், நடுவில் ஒரு இணைப்பைப் போட்டுத்தான் நம்மூர்ச் சுவரில் செருக வேண்டும். அந்த இணைப்பு தேய்ந்துபோயிருந்தது, கையை விட்டால் விழுந்துவிடும். நான் தரையில் குந்தி உட்கார்ந்து, அதைச் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். நரித்தோல் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் தன் போன் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தலைக்கு மேலேயே நின்றார்.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஐயா."

"இதையேதான் அப்பலேருந்து சொல்ற."

"அவ கல்யாணத்துக்கும் இதையேதான் சொல்றா ஐயா" என்றேன். மனிதர் குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

லேப்டாப் ஒருவழியாகக் கண் விழித்தது. அவள் என்னிடம் கையை நீட்டினாள்.

"உங்க போனைக் குடுங்க அத்தான். நெட் எடுத்துக்கறேன்."

என் போனில் காலையிலிருந்து துக்கம் விசாரித்து ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார்கள். 'நல்ல மனுஷர்', 'மண் அவருக்கு மெத்தையாகட்டும்', 'எப்போது எடுக்கிறார்கள்'. திறந்தால் திரை முழுக்க அதுதான். அவளை விட்டுவிட்டு உறவுக்காரர்கள் தனியாக ஒரு குழுவே ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

"போனைத் தரமாட்டேன். அதுல என் ரகசியமெல்லாம் இருக்கு. நெட் மட்டும் தர்றேன்" என்று சொல்லி நானே திறந்து, தடவித் தடவி நெட்டைத் திறந்துவிட்டு, போனைத் தரையில் கவிழ்த்து வைத்தேன். ஒரு கை பிளக்கில், இன்னொரு கை போன்மேல்.

படங்கள் போக ஆரம்பித்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கால்வாசி போனது, பாதி போனது. அப்போது என் உள்ளங்கைக்குக் கீழே போன் அதிர்ந்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் என் பழைய போனில் நெட் நின்றுவிடும்.

"போச்சு!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு அத்தான், மறுபடியும் முதல்லேருந்து!"

யாரென்று பார்த்தேன். மாமனாரோடு ஒன்றாகப் படித்தவர், ஷியெலியிலிருந்து. கடைசியாக முகத்தைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார். அழைப்பைத் துண்டித்தேன். அவள் மறுபடி ஆரம்பித்தாள். பாதி போவதற்குள் மச்சினனின் மாமியார் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த தடவை ஊர்த் தலைவர். செத்தவருக்காகக் கூப்பிடுகிற ஒவ்வொருவரும் அவரைப் பிழைக்க வைக்கிற வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது.

"யாரு அத்தான், இப்படி ஓயாம கூப்பிடறாங்க?"

"எனக்கு ரெண்டாம் தாரம் பாக்கறாங்க. பொண்ணு வீட்டுல அவசரப்படறாங்க."

"அக்காகிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லேன். பொண்ணைப் பாத்ததே அவதான்."

சொல்லி வாய் மூடவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள முன்பே ஊருக்குப் போயிருந்த என் பெண்டாட்டி உல்ஜானே கூப்பிட்டாள். இந்தத் தடவை அக்மரால் என்னை முந்திக்கொண்டு போனைப் பிடுங்கிக் காதில் வைத்துவிட்டாள். நான் பிளக்கை விட்டுவிட்டு எழுந்தேன். உல்ஜானின் குரல் எனக்கும் கேட்டது. பின்னால் எண்ணெய் கொதிக்கிற சத்தம், ஏகப்பட்ட பேர் நடமாடுகிற சத்தம்.

"அக்கா, அங்க என்ன ஒரே கூட்டமா இருக்கு? என்ன பொரிக்கற?"

"பவுர்சாக் போடறேன்டி. அப்பாவைப் பாக்க ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா?"

"வீட்டுக்கா வர்றாங்க? அப்பா ஆஸ்பத்திரியில இல்லையா?"

"வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டோம். டாக்டர்தான் கொண்டுபோகச் சொன்னார்."

"கை விட்டுட்டாங்களா! கோழைப் பசங்க! நீங்க எப்படிக்கா சரின்னீங்க? சரி, விடு. அப்பா எப்படி இருக்கார்?"

"அமைதியாப் படுத்திருக்கார்டி."

"வலிக்குதுங்கறாரா?"

"இல்ல. இப்ப வலி ஒண்ணும் இல்ல."

"உன் தொண்டை ஏன் இப்படிக் கம்மியிருக்கு?"

"எண்ணெய்ப் புகைடி. நீ பத்திரமா வா."

அந்த எண்ணெய்ப் புகையைத் தவிர என் பெண்டாட்டி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மற்றது அத்தனையும் சத்தியம். அதுதான் என்னைக் கொன்றது. போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"வலி இல்லையாம் அத்தான்" என்றாள் அக்மரால். முகம் மலர்ந்திருந்தது. "வலி நின்னுட்டா உடம்பு கொஞ்சம் தேறும். சியோல் வரைக்கும் பிரயாணம் தாங்குவார். நீங்க வேணா பாருங்க."

என்ன கேலி பேசுவது இதற்கு? "உங்கப்பா விமானத்துல ஏறினா குர்த் மூட்டையைக் கீழ வைக்க மாட்டார். கொரியாக்காரன் அந்த நாத்தத்துலயே ஓடிடுவான்" என்றேன். அவர் எங்கே போனாலும் சட்டைப் பையில் அந்த உப்புத் தயிர் உருண்டைகளைப் போட்டுக்கொண்டு போகிறவர். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் அறிவிப்புப் பலகைப் பக்கமிருந்து ஓடிவந்தாள். "சுயின்ஷி! சுயின்ஷி! கராகண்டா விமானம் கிளம்புது!" என்று கூவினாள். கராகண்டாக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் "கேட்டதை எடுத்துக்கோ!" என்றார்கள். நல்ல சேதி கொண்டுவந்தவருக்கு வெறுங்கை காட்டக் கூடாது, அதற்கு வேறு பதிலும் கிடையாது. ஒருவர் மிட்டாய் கொடுத்தார், இன்னொருவர் ஆப்பிள் கொடுத்தார். அந்த அம்மாள் மடி நிறைய வாங்கிக்கொண்டு போனாள்.

நான் போனையும் எடுத்துக்கொண்டு, கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்தேன். பிளக்கை நரித்தோல் தொப்பிக்காரரின் கையில் பிடிக்கக் கொடுத்தேன், அவரும் முணுமுணுத்துக்கொண்டே குந்தினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உறவுக்காரர்களின் குழுவில் எழுதினேன்: 'அக்மரால் என் பக்கத்தில் இருக்கிறாள். அல்லாவின் பெயரால் கேட்கிறேன், யாரும் கூப்பிடாதீர்கள்.' எழுதிவிட்டு அழுதேன். அந்தக் கிழவர் எனக்கு மாமனார் என்று பெயர்தானே தவிர, என் சொந்த அப்பன் செய்யாததையெல்லாம் செய்தவர். காலையிலிருந்து அவருக்காக அழ எனக்குக் கிடைத்த இடம் அதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி பிளக்கைப் பிடித்தேன்.

அவள் மறுபடி முதலிலிருந்து அனுப்ப ஆரம்பித்தாள். அதற்கப்புறம் போன் அதிரவில்லை. படங்கள் போயின. அக்மரால் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பாதி, முக்கால், முக்காலுக்கும் மேலே. இவ்வளவு நேரம் எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. இப்போது, போ, போ, நின்றுவிடாதே என்று நானும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியவன், அவருடைய கல்லீரல் படம் சியோல் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என்னை என்னவென்று சொல்ல!

போய்விட்டது. கடைசித் துளியும் போய்விட்டது. அவள் லுத்மிலாவுக்கு எழுதிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரர்கூட இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. அவள் அதை ஒரு தடவை படித்தாள், வாயசைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"அத்தான், சுயின்ஷி! எடுத்துக்கிட்டாங்க! டாக்டர் பாத்துட்டாராம். அறுக்கலாமாம். கூட்டிக்கிட்டு வாங்கன்னு எழுதியிருக்கா. சுயின்ஷி அத்தான், சுயின்ஷி!"

"கேட்டதை எடுத்துக்கோ!" என்று நானும் கத்தினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி நான் மறந்துபோனேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, கிழவர் பிழைத்துவிட்டார் என்று மனசு குதித்தது.

"வார்த்தை குடுத்துட்டீங்க, மாத்தக் கூடாது" என்றாள். "எனக்கு மிட்டாய் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க போன்ல அக்காவைக் கூப்பிடுங்க. அப்பா காதுல போனை வைக்கச் சொல்லுங்க. நான் என் வாயாலயே அவர்கிட்ட இதைச் சொல்லணும். அவர் 'ம்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பேச முடியலைன்னா மூச்சு விடற சத்தம் கேட்டாக்கூடப் போதும்."

என் கை போன்மேல் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"கூப்பிடுங்க அத்தான்."

தூங்குகிறார் என்று சொல்லியிருக்கலாம். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் இருந்தது, ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் அது அங்கே இருக்கிறது என்பதை அவள் மறந்துவிட்டாள்.

"அத்தான், ஏதாவது கேலி பேசுங்க."

வாயைத் திறந்தேன்.

"என் கல்யாணத்தைப் பத்திப் பேசுங்க. அப்பாவோட குர்த் மூட்டையைப் பத்திப் பேசுங்க. எதையாவது பேசுங்க அத்தான்."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அவள் மெதுவாகக் குனிந்து, என் கையை விலக்கி, பிளக்கைச் சுவரிலிருந்து உருவினாள். "நீங்க போட்டுக்குங்க ஐயா" என்று தொப்பிக்காரருக்கு இடம் விட்டாள். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஒயரைச் செருகவில்லை.

"எப்போ?" என்றாள்.

"விடியக்காலைல."

"நான் அனுப்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமாம்மா."

அவளை நான் 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் கத்தவில்லை. பெரியப்பாவும் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தால் கத்தியிருப்பாள், யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது உறைத்தது. இங்கே அவளைப் பிடித்துக்கொள்ள நான் ஒருத்தன்தான் இருந்தேன். வெளியே மூடுபனி மறுபடி கவிந்திருந்தது, எங்கள் விமானத்துக்கு இன்னும் அழைப்பில்லை. அவள் போய்ச் சேருவதற்குள் முகத்தைக்கூடக் காட்டாமல் எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அவள் லேப்டாப்பை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நெட் குடுங்க அத்தான். லுத்மிலாவுக்கு எழுதணும். அவ அங்க நமக்காகப் படுக்கை புடிச்சு வச்சிருப்பா. வேற யாருக்காவது குடுக்கட்டும்."

போனை இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. அவள் பக்கத்தில் நிமிர்த்தியே வைத்தேன். துக்கம் சொல்லி எழுதியவை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வந்து விழுந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இரண்டு வரி எழுதி அனுப்பினாள். அது மட்டும் ஒரே அழுத்தலில் போய்விட்டது.